டோலியில் போன கம்ப்யூட்டர்

எனக்குக் கோபம் முதல் பஸ்ஸில் வந்துவிடும், புத்தி கடைசி பஸ்ஸில்தான் வரும். கல்யாணமான வருஷத்திலிருந்து என் மனைவி இதைச் சொல்லி வருகிறாள். தொண்ணூற்றைந்தாம் வருஷம் நவம்பர் மாதம், மழை விடாமல் பெய்த ஒரு நாளில், அது நாகலூர் முழுக்கத் தெரிந்துபோனது.

நாகலூரில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், கூட்டித் துடைக்க ராசம்மாள், எழுத்து வேலைக்கு நான். என் பெயர் ஜேசுதாஸ். அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, ரைட்டர் என்று கேட்டால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள்.

அந்த வருஷம் ஜனவரியில் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டுப் பழையதை எங்களுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். நான் சேலத்துக்குப் போய் இரண்டு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தேன். வந்தவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பேனாவைத் தொடுவதே கௌரவக் குறைவு என்று நினைக்கும் அளவுக்கு ஏறிவிட்டது.

மார்ச் மாதம் சேலத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் முகாம் போட்டார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு விரலில் குத்தி, யாருக்கு என்ன ரத்த வகை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் அதை எல்லாம் இரண்டு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். "உங்க எல்லாருக்கும் கம்ப்யூட்டர்லயே அச்சடிச்ச கார்டு வரும்" என்று ஊர் ஊராகச் சொல்லியும் வைத்தேன். அச்சு இயந்திரத்தின் ரிப்பன் காய்ந்துபோனது. புது ரிப்பன் வாங்கச் சேலம் போகவேண்டும், அடுத்த வாரம் போகலாம் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தேன். ஏற்றி முடித்த அன்று அந்தக் காகிதக் கட்டை ராசம்மாளிடம் கொடுத்து, வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னேன்.

"வேண்டாமா சாமி? ஊர்ப்பட்ட பேரு எழுதியிருக்குதே. நல்லா ரோசன பண்ணிக்கோங்க" என்றாள் அவள்.

"எல்லாம் உள்ள ஏத்தியாச்சுங்கக்கா. இனி இது குப்பைதான். போடுங்க."

அவள் இரண்டாம் தரமும் கேட்டாள். நான் சுள்ளென்று விழுந்தேன். அன்றைக்குப் பிரசவ வார்டில் எல்லோருக்கும் நல்ல சூடாக வெந்நீர் கிடைத்தது.

ஜூன் மாதம் பனிமூட்டம் இறங்கியது. எங்கள் ஊரில் மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காயாது, உப்பு ஜாடி தண்ணீர் விடும், தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் பூக்கும். கம்ப்யூட்டரில் பனி படாமல் மூடி வைக்கும்படி ராசம்மாளிடம் சொன்னேன். அவள் தன் கறுப்புக் கம்பளியையே கொண்டுவந்துவிட்டாள். திரையை மட்டும் விட்டுவிட்டு, பெட்டியின் தலை, முதுகு, இரண்டு பக்கமும் கைக்குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி சுற்றி விட்டாள். நான் வேலை செய்யும்போதும் அந்தக் கம்பளி அப்படியே இருந்தது. பார்க்க லட்சணமாக இருக்கிறதென்று நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டிலிருந்து அது மக்கர் செய்யத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஓடும், திடீரென்று அப்படியே நின்றுவிடும். அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடும். பிறகு ஒரு மணி அரை மணியானது, அரை மணி பத்து நிமிஷமானது. நான் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். தட்டுக்குப் பயந்து ஓடுகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்த மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கரடியூரிலிருந்து ஒரு டோலி வந்தது. நீளமான மூங்கிலில் கம்பளியின் இரண்டு முனையையும் கட்டி, நடுவில் ஆளைப் படுக்கவைத்துத் தூக்கி வருவதைத்தான் டோலி என்போம். ரோட்டில் மரம் விழுந்து ஜீப் வரவில்லை. நாலு பேர் இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் சுமந்து வந்திருந்தார்கள். உள்ளே இருந்தவள் முத்தாயி, நிறைமாத கர்ப்பிணி. கம்பளியில் ரத்தம் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அவளை உள்ளே கொண்டுபோனார். அரை மணியில் வெளியே வந்து நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ரைட்டர், நஞ்சுக்கொடி கீழ எறங்கிக் கொழந்தை வர்ற வழியை அடைச்சிட்டு இருக்கு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டில் ரத்தம் வேணும். இவளுக்கு ஓ நெகடிவ். நூத்துல ரெண்டு பேருக்குத்தான் இருக்கும். சேலத்துக்கு அனுப்பலாம்னா மலை ரோடு சரிஞ்சு கிடக்கு. உங்க லிஸ்ட்ல யாரு இருக்காங்கன்னு பாருங்க."

"சொந்தக்காரங்க?"

"புருஷனையும் அவர் தம்பியையும் சோதிச்சுட்டேன், சேரல. சோதிக்கிற மருந்து இன்னும் மூணு பேருக்குத்தான் வரும். கண்டவங்களையும் சோதிச்சு அதைத் தீர்க்க முடியாது. மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த கரடியூர்க்காரர்களைப் பார்த்து, யாருக்காவது தங்கள் ரத்த வகை தெரியுமா என்று கேட்டேன். அதில் ஒருவர், முப்பது வயதிருக்கும், தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தார்.

"எங்கூர்ல எல்லாரும் குத்திக்கிட்டமுங்க. கார்டு வரும்னு சொன்னீங்க. இன்னும் வரலீங்க."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டேன். எழுத்துகள் ஓடின, என் பெயர்ப்பட்டியலைத் திறக்கப் போகும்போது அப்படியே நின்றது. அணைத்துப் போட்டேன். இந்த முறை திரையில் ஒன்றுமே வரவில்லை. தட்டினேன். பலமாகத் தட்டினேன். நகல் எடுத்து வைத்திருந்த ஃபிளாப்பியை எஸ்டேட்டில் கொடுத்துப் பார்க்கலாம் என்று டிராயரிலிருந்து எடுத்தால் அதன் வட்டமெல்லாம் வெள்ளைப் பூசணம். ஆஸ்பத்திரி ஃபோனை எடுத்தேன், மழைக்கு அதுவும் செத்துக் கிடந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு முகமது இஸ்மாயில் பாயின் மளிகைக் கடைக்கு ஓடினேன். அரை மைல். அங்கேதான் எஸ்டிடி பூத் இருந்தது, அந்த லைன் வேறு. சேலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் செல்வராஜ் என்பவருக்கு ஃபோன் போட்டேன். அவர்தான் எஸ்டேட்டுக்கு அந்த மெஷினை விற்றவர்.

"உள்ள ஃபேன் சுத்துதாங்க சார்?" என்றார் அவர்.

"பாக்கலியே."

"பாத்துட்டு வாங்களேன்."

அரை மைல் திரும்பி ஓடினேன். பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன், காற்றே இல்லை. மறுபடி அரை மைல் ஓடி வந்து சொன்னேன். "சரிங்க, கவரைக் கழட்டுங்க, உள்ள என்ன தெரியுது?" என்றார். நான் கடையில் நிற்கிறேன், கவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இங்கே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, ஏய்க்கிறாயா என்று அவரிடம் கத்திவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். பாவம், அந்த மனிதருக்கு முழு விஷயம் தெரியாது. நான் சொன்னால்தானே தெரியும்.

திரும்பி வந்து திருப்புளியால் கவரைக் கழற்றியதும் அடங்கியிருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபேனில் கறுப்பாகக் கம்பளி மயிர் பந்து பந்தாகச் சுற்றி இறக்கையை இறுக்கியிருந்தது. ராசம்மாள் வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"நீங்கதான் இதைக் கொன்னீங்க! கம்பளி போட்டுக் கொன்னீங்க. காயிதத்தையும் அடுப்புல போட்டீங்க. அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா உங்களாலதான்!"

கரடியூர்க்காரர்கள், நர்ஸ், மருந்து வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மூடச் சொன்னதும் நான், எரிக்கச் சொன்னதும் நான். அது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் ஞாபகப்படுத்தவும் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கம்பளியை எடுத்து மடித்தாள்.

"ஏனுங் சாமி, ஃபோனை இங்க கொண்டார முடியாது. பொட்டியை அங்க கொண்டு போலாமுல்ல?"

எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு தரம் ஓடியும் தோன்றவில்லை.

ஆனால் எப்படிக் கொண்டுபோவது? வழியெல்லாம் சேறு, வழுக்கல். பெட்டி ஒன்று, அதைவிடக் கனமான திரை ஒன்று. தலைச்சுமையாக எடுத்துப்போய்த் தவறிவிழுந்தால் பட்டியல் அடியோடு போய்விடும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

முத்தாயியின் புருஷன் பெயர் கருப்பண்ணன். சுவரோரம் இறக்கி வைத்த டோலியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டோலிக்குள் முத்தாயியின் ரப்பர் செருப்பு இரண்டும் இருந்தன. எதற்கு என்று நான் முன்பே கேட்டிருந்தேன். ஆளைக் கொண்டுவந்த டோலி வெறுமையாக இருக்கக்கூடாது, வெறும் டோலி ஊர் திரும்பினால் ஆள் போய்விட்டது என்று அர்த்தம் என்றார். அவர்கள் ஊர் வழக்கம் அது. ஏதாவது ஒரு பண்டமாவது உள்ளே கிடக்கவேண்டும்.

இப்போது எழுந்து வந்தார்.

"இதுல வைங்க. நாங்க தூக்குறமுங்க."

டோலியின் கம்பளி ரத்தமும் மழையுமாக நனைந்திருந்தது. ராசம்மாள் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தன் காய்ந்த கம்பளியை மூங்கிலில் கட்டினாள். பெட்டி, திரை, தட்டச்சுப் பலகை, வயர்கள், நடுவே கொஞ்சம் பழைய துணி. கடைசியில் கருப்பண்ணன் அந்தச் செருப்பு இரண்டையும் எடுத்துத் தட்டச்சுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினோம். கம்ப்யூட்டரின் மூச்சை அடைத்த அதே கம்பளிதான் இப்போது அதை ஏந்திக்கொண்டது.

நாலு பேரும் தோள் கொடுத்தார்கள். முன்னால் கருப்பண்ணனும் துண்டு பிழிந்த அந்த ஆளும். ஓடவில்லை, நடக்கவுமில்லை, இரண்டுக்கும் நடுவான ஒரு போக்கு அது. சறுக்குகிற இடத்தில் முன்னால் இருப்பவர் 'ம்' என்பார், பின்னால் இருப்பவர் காலை மாற்றுவார். டோலி ஆடவே இல்லை. நான் வெறும் குடையைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு தரம் விழுந்தேன்.

இஸ்மாயில் பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். யாரோ நோயாளி என்று நினைத்திருக்கிறார். பிளாஸ்டிக் தாளை விலக்கியதும், "ஏன் ஜேசு, இதுக்குமா பிரசவம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தராசை இறக்கிக் கீழே வைத்து, கல்லா மேஜையைக் காலி செய்து கொடுத்தார். பல்பைக் கழற்றி, அந்த இடத்திலிருந்து கரண்ட் எடுத்தோம்.

செல்வராஜுக்கு மறுபடி ஃபோன் போட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதுங்களா சார்? சரி, லைனை வைக்காதீங்க. நான் எங்கயும் போவல" என்றார்.

பாயின் மனைவி அமீனா உள்ளேயிருந்து வந்தாள். அவள் கைவேலைக்காரி. துப்பட்டாவில் பூ போட்டுக் கொடுப்பாள். நான் திருப்புளியால் ஃபேனைக் குத்துவதைப் பார்த்துவிட்டு, "குடுங்கண்ணே, நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றாள். ஊக்கால் ஃபேனில் சிக்கிய மயிரை ஒவ்வொரு இழையாக எடுத்தாள். விரலால் சுண்டினாள், இறக்கை சுற்றியது. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் ஓடியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து ஏதோ கத்தியது.

"ரிசீவரைப் பொட்டிகிட்டப் பிடிங்க சார்" என்றார் செல்வராஜ். பிடித்தேன். டாக்டரம்மா குழாய் வைத்துக் கேட்பது போல் சேலத்தில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"மெமரிங்க. அட்டை அட்டையா சொருகியிருக்கும் பாருங்க, விரல் நீளத்துக்கு. அதைக் கழட்டுங்க. அடியில தங்கக் கலர்ல பல்லு மாதிரி இருக்கும். எப்படி இருக்குதுங்க?"

"பச்சை பூத்திருக்குங்க" என்றாள் அமீனா எட்டிப் பார்த்து.

"அதேதான்! உங்கூரு ஈரம். பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்குதுங்களா?"

இஸ்மாயில் பாய் ஒரு பாட்டிலையே கவிழ்த்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற வாசனை ரப்பர்கள் மேஜை முழுக்க உருண்டன. அமீனா ஒன்றை எடுத்து அந்தப் பற்களை மெல்லத் தேய்த்தாள். நாலு அட்டை. ஒவ்வொன்றையும் தேய்த்து, ஊதி, திருப்பிச் செருகினாள். 'டக்' என்று உட்கார்கிற சத்தம் வரவேண்டும் என்றார் செல்வராஜ். நாலு தரமும் வந்தது.

சுவிட்சைப் போட்டேன். திரையில் வெள்ளை எழுத்து வந்தது. எண்கள் கடகடவென்று ஏறின. கடைக்குள் எல்லோரும் சத்தம் போட்டார்கள். நான்தான் போடவில்லை. அடுத்த வரியைப் படித்துவிட்டேன். டிஸ்க்கே இல்லை என்றது அது.

பட்டியல் இருப்பது அந்த டிஸ்க்கில்தான். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றரை ஆகியிருந்தது. வாசலில் கருப்பண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து டோலிக்குள் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"அழுவாதீங்க சார்" என்றார் செல்வராஜ். நான் அழுததை அவருக்கு யார் சொன்னார்களோ. "டிஸ்க் எங்கயும் போவல. உள்ள ஒரு பொட்டு மாதிரி பேட்டரி இருக்கும், அது தீந்துபோச்சு. அதனால பொட்டிக்கு, நம்மகிட்ட டிஸ்க் இருக்குதுங்கறதே மறந்துபோச்சு. நாம ஞாபகப்படுத்துனாப் போதும். அணைச்சுப் போடுங்க. போட்ட ஒடனே டெலிட் பொத்தானை அழுத்துங்க."

அழுத்தினேன். நீலத் திரை வந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். டிஸ்க்கைத் தானாகத் தேடு என்ற வரியில் நிற்கச் சொன்னார். எண்டர். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டிக்குள் எதுவோ கரகரவென்று சுற்றத் தொடங்கியது. எண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

"வந்திருச்சுங்க!"

"ஒய் போடுங்க. எஃப் டென் போடுங்க. அப்புறம் கர்த்தரைக் கும்பிடுங்க."

மூன்றையும் செய்தேன். கம்ப்யூட்டர் எழுந்தது. என் பட்டியலைத் திறந்தேன். ஃபேன் தேய்ந்துபோய் முனகியது, எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். இஸ்மாயில் பாய் அட்டையை எடுத்துப் பெட்டிக்கு விசிறத் தொடங்கினார். ஓ நெகடிவ் மட்டும் காட்டு என்று கட்டளை போட்டேன். அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்பது பேர் திரையில் வந்தார்கள்.

இந்த முறை முதல் வேலையாகப் பேனாவை எடுத்தேன். மளிகை கட்டும் காகிதத்தில் ஒன்பது பெயரையும் எழுதிக்கொண்டேன். பிறகுதான் படித்தேன். இரண்டு பேர் திருப்பூர் போய்விட்டார்கள். ஒருத்தர் ஆடி மாதம் தவறிப்போனார். மூன்று பேர் மலைக்கு அந்தப் பக்கக் கிராமம். ஒன்று முத்தாயியின் பெயரேதான். எட்டாவது பெயர் வெள்ளையம்மாள், பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள்.

"நான் போய்க் கூட்டியாறேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ராசம்மாள். எப்போது எங்கள் பின்னால் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்வதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஓடிவிட்டாள்.

ஒரு பாட்டிலுக்கு வழி பிறந்தது. இன்னொன்று? கடைசிப் பெயரைப் படித்தேன்.

"சின்னையன், தகப்பன் பேர் வெள்ளையன், கரடியூர்." என் குரல் இறங்கிவிட்டது. "கரடியூருக்குப் போய் ஆளைக் கூட்டிவர நாலு மணி நேரம் ஆகுமே..."

வாசல்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவர் எழுந்தார்.

"போவ வேண்டாமுங்க ரைட்டரே. நாந்தானுங்க அது."

விடியற்காலை முத்தாயியைச் சுமந்து வந்தவர், இப்போது கம்ப்யூட்டரைச் சுமந்து வந்தவர், இரண்டு தரமும் முன்தோள் கொடுத்தவர். மூன்று மணி நேரமாக என் கண் முன்னால் துண்டு பிழிந்துகொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு கார்டு அவர் மடியில் இருந்திருந்தால், எட்டு மணிக்கே சட்டையை மடித்துவிட்டுக் கட்டிலில் படுத்திருப்பார்.

அந்த நிமிஷமே ஃபேன் நின்றது, திரை அணைந்தது. இனி அணைந்தால் என்ன, காகிதம் என் கையில் இருந்தது.

டாக்டரம்மா இரண்டு பேரையும் சோதித்தார். இருவருடையதும் சேர்ந்தது. வெள்ளையம்மாள் இடுப்பில் கூடையோடு, பழச்சாறு ஒட்டிய விரல்களோடு வந்து படுத்தாள். "அந்தப் புள்ள யாருன்னு தெரியாதுங்க. தெரிஞ்சாத்தான் குடுக்கணுமா?" என்றாள். சின்னையன் கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போட்டு முடித்தாகிவிட்டதா என்று நாலு தரம் கேட்டார். மலையில் ஆளைச் சுமப்பவருக்கு ஊசி என்றால் பயம்.

ஒன்றே கால் மணிக்கு உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. கருப்பண்ணன் எழுந்து நின்றார், ஆனால் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து டாக்டரம்மா வந்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். சாயங்காலம் முத்தாயி கண் விழித்தாள். முதலில் பிள்ளையைக் கேட்டாள். அடுத்து, "என்ற செருப்பு எங்க?" என்றாள். கருப்பண்ணன் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். செருப்பு இஸ்மாயில் பாய் கடையில், டோலிக்குள்ளேயே இருந்தது.

நான் ராசம்மாளைத் தேடிப் போனேன். பின்கட்டில் முத்தாயியின் கம்பளியை அலசிக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் கத்தினேன், அதனால் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் முறை என்று அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"அக்கா, தப்பு பூராவும் என்னுது. எரிக்கச் சொன்னதும் நான், மூடச் சொன்னதும் நான். நீங்க சொல்லலீன்னா நான் இன்னும் குடையைப் பிடிச்சுட்டு ஓடிட்டுத்தான் இருப்பேன். இந்த உயிரு நீங்க குடுத்ததுங்க."

"அது எனக்குத் தெரியுமே சாமி" என்றாள் அவள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. "அந்தக் கம்பளி மட்டும் எப்பக் கிடைக்கும்? ராத்திரிக்குக் குளுருமே."

மறுநாள் காலை மழை விட்டது. கம்ப்யூட்டரைத் திரும்பக் கொண்டுவரக் கடைக்குப் போனோம். சின்னையன் வழக்கம்போல் முன்தோளுக்கு வந்தார். ரத்தம் கொடுத்தவர் சுமக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைச் சொல்லி விலக்கிவிட்டு, அந்த இடத்தில் நான் தோள் கொடுத்தேன். பத்து அடியில் மூங்கில் எலும்பில் ஏறியது. சின்னையன் கையில் வாழைப்பழத்தோடு பக்கத்தில் நடந்துவந்தார்.

"காலை மாத்துங்க ரைட்டரே. நொம்ப வெரசா போறீங்க. பின்னால வாரவங்களையும் நெனச்சுக்கோங்க."

மாற்றினேன். இவர்கள் மலைப்பாதையில், கொட்டும் மழையில், ஒரு பெண்ணை ஆடாமல் இரண்டு மணி நேரம் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் அரை மைலில் இரண்டு தரம் இறக்கச் சொன்னேன். அந்தத் தோள்களுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வாசல் வரும்போது எனக்கு முழுசாகத் தெரிந்திருந்தது.

பெட்டியை மேஜையில் வைத்ததும் சின்னையனை இருக்கச் சொன்னேன். தடித்த அட்டை ஒன்றை வெட்டினேன். பேனாவில் மை நிரப்பினேன். அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், அதன் கீழே பெரிதாக ஓ நெகடிவ். டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கி அவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல வரும்னு சொன்னீங்களே?"

"இல்லீங்க. இது என்ற கையால எழுதுனது. உங்களுக்குத்தான் மொதக் கார்டு. எட்டு மாசம் தாமசமாயிருச்சு, மன்னிச்சுக்கோங்க."

"அதனால என்னங்க. கெடைச்சிருச்சுல்ல" என்றார் சின்னையன். அட்டையைத் துண்டால் ஒரு தரம் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செல்வராஜ் அடுத்த வாரம் வந்து புது ஃபேனும் பேட்டரியும் போட்டார். அதற்குள் நான் இருநூறு கார்டு எழுதியிருந்தேன். மிச்சம் நானூற்றுச் சொச்சத்தையும் பொங்கலுக்குள் எழுதி முடித்து, ஊர் ஊராக நடந்துபோய் அவரவர் கையில் கொடுத்தேன். கரடியூருக்குப் போன அன்று முத்தாயி அதே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.